விசில் ஊத ஆளில்லாத கடலில் நண்பர்களோடு ஒரு நாள்

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு கூடுவது வழக்கம். மதுரையிலும் திருச்சியிலும் இருப்பவர்களுக்கு வசதி என்பதால், கூடும் இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு தீம் பார்க்காகத்தான் இருக்கும். இந்த முறை, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எல்லாரையும் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்கே வரச் சொல்லிவிட்டேன். கடலை வாசலில் வைத்துக்கொண்டு, சிமெண்டுத் தொட்டியில் கிளப்பிவிடும் அலைக்காக டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்பது எனக்கு எப்போதுமே சற்று வேடிக்கையாகத்தான் பட்டிருக்கிறது. ஆனால், 17 பேரை, அதிலும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரை, ஒரு பகல் முழுவதும் தண்ணீர் ஓரத்தில் வைத்துக் காப்பாற்றித் திருப்பி அனுப்புவதற்குத் திட்டமிட உட்கார்ந்தபோது, தீம் பார்க் நடத்துபவர்கள்மீது எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அங்கே உள்ள அலைக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். பல இடங்களில், ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறைகளில் காற்றை விசையோடு செலுத்தி நீரை அழுத்துவதால்தான் அலை பிறக்கிறது; இயந்திரத்தை நிறுத்தினால் அலையும் அடங்கிவிடும். அலை தொடங்குமுன் மணி அடிக்கும். சில நிமிடங்கள் ஓடியபின் ஓய்வு விடுவார்கள். தரை ஒரே சீராகச் சரிந்து போகும், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பதைச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள், உயரமான நாற்காலியில் விசிலோடு ஒருவர் நம் பிள்ளைகளை நம்மைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சறுக்கு விளையாட்டுகளின் வாசலில் உயரம் அளக்கும் கோடு இருக்கும். நைலான் உடை இல்லாமல் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும் என்பது அவர்கள் கவலை, நனைந்த பருத்தித் துணி கனத்து ஆளை இழுக்காது என்பது அதனால் நமக்குக் கிடைக்கும் லாபம். எங்கள் கடற்கரையில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆகவே பூங்கா நமக்காகச் செய்யும் வேலை ஒவ்வொன்றையும் யார் செய்வது, எதைக் கொண்டு செய்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

முதல் முடிவு, எந்தக் கடலுக்குப் போவது என்பது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்குவதில்லை. கடல் என்றால் எல்லாம் கடல்தானே என்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல்கள் உண்டு. உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்தை நெருங்க நெருங்க நிலம் குறுகி, சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் மற்றொன்றுமாக வந்துவிடும். தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் எங்கள் ஊர்களில் சொல்வார்கள். வைகாசியில் கிளம்பி ஆவணி வரைக்கும், சில ஆண்டுகளில் அதற்குப் பின்னும், கச்சான் என்று மீனவர்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று தெற்குக் கரையை அடித்து நொறுக்கும்போது, வடக்குக் கரை பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும்.

எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஏர்வாடிக்கு அருகிலுள்ள பிச்சைமூப்பன்வலசையில் கண்ணாடிப் படகில் போய்ப் பவளப்பாறை பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கேயோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, வாட்ஸ்ஆப்பில் தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றில் அந்தப் பக்கம் படகே எடுக்காத நாட்கள் உண்டு, எடுத்தாலும் கலங்கிய தண்ணீரில் கண்ணாடிக்குக் கீழே சேற்று நிறம்தான் தெரியும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அலையின் உயரம், காற்றின் வேகம் ஆகியவற்றை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் கடற்கரைவாரியாக முன்கூட்டியே வெளியிடுகிறது. எங்கேயோ நடுக்கடலில் கிளம்பி, இங்கே காற்றே இல்லாத நேரத்திலும் திடீரென்று கரையேறும் கள்ளக்கடலுக்கும் அவர்களே எச்சரிக்கை தருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, அன்று விடிகாலையில் மீன் இறங்கும் துறையில் யாராவது ஒருவரிடம் “கடல் எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டுக்கொண்டால் போதும். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அமாவாசையையும் பார்க்க வேண்டும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேசுவரம் ஆகிய மூன்று இடங்களிலும் திதி கொடுக்க வரும் கூட்டத்தில் வேன் நகராது.

காலையில் காரங்காட்டுக்குப் போனோம். தேவிபட்டினம், உப்பூர் வழியாகத் தொண்டிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து போனால், கோட்டைக்கரை ஆறு பாக் விரிகுடாவில் கலக்கும் இடத்தில் இந்த மீனவர் ஊர் இருக்கிறது. அங்குள்ள அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையினர் ஊர்மக்களோடு சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது, படகு கிளம்பும் முன் நடந்த ஒரு சின்னக் காரியம். பிள்ளைகள் எல்லாரும் மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு, கொக்கிகளையும் பூட்டிக்கொண்டு, தாங்களே தயார் என்று நின்றார்கள். படகோட்டி ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்து, அங்கியின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். திருச்சித் தோழியின் ஆறு வயது மகளுக்கு அங்கி மட்டும் மேலேறிக் காதை மூடியது. பிள்ளை உள்ளே அப்படியே நின்றாள். “தண்ணியில விழுந்தா இதுதான் நடக்கும் தங்கச்சி, சட்டை மிதக்கும், பாப்பா மிதக்காது” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதைக் கழற்றிச் சின்ன அளவில் ஒன்றைக் கொண்டுவந்து, கவட்டைக்கு இடையே வரும் பட்டையையும் இறுக்கிக் கட்டினார். எந்தப் படகுச் சவாரியானாலும் இந்தச் சோதனையைப் பெற்றோரே செய்யலாம். அரை நிமிடம்கூட ஆகாது. அங்கியை மாட்டிவிட்டு அதைக் கழற்றிப் படம் எடுத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு என்ன சோதனை வைப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

காட்டுக்குள் வெயில் தெரியவில்லை. இருபுறமும் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தவை மரத்தின் மூச்சு வேர்கள் என்பதையும், சேற்றில் காற்று இல்லாததால் அவை மேலே வந்து சுவாசிக்கின்றன என்பதையும் படகோட்டி சொல்லிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, தாழ்ந்து வந்த வெண்கண்டல் கிளையிலிருந்து ஓர் இலையைத் திருப்பிக் காட்டி நக்கிப் பார்க்கச் சொன்னார். இலையின்மேல் மெல்லிய உப்புத் துகள்கள் மின்னின. உள்ளே ஏறிய உப்பை இந்த மரம் இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுகிறது. பிள்ளைகள் வரிசையாக நக்கி முகத்தைச் சுளித்தார்கள். எந்த ராட்டினத்தில் ஏறி இறங்கியபோதும் அவர்கள் முகம் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. கடல் மிகவும் வற்றியிருக்கும் நேரத்தில் கால்வாய்களில் படகு தரைதட்டும் என்பதால், எந்த நேரத்துக்கு வரலாம் என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டையும் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்திருந்ததால் ஊர்ப் பெண்கள் சமைத்த மீன் குழம்பும் நண்டும் சுடச்சுடக் கிடைத்தன. சொல்லாமல் வந்த வேறொரு கூட்டம் பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றது.

பிற்பகலில் உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரைக்கு வந்தோம். சவுக்குத் தோப்பின் நிழலும், வெகுதூரம் வரை ஆழமில்லாத தண்ணீரும் இருப்பதால் குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஏற்ற இடம் இது. சாப்பிட்ட கையோடு இறங்கத் துடித்தவர்களை ஒரு மணி நேரம் நிழலில் படுக்கவைத்துவிட்டு, அதற்குள் கரையில் எங்கள் ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். உதிர்ந்து கிடந்த சவுக்குக் கம்புகளில் இரண்டை எடுத்து, நுனியில் சிவப்புத் துணி கட்டி, முப்பது நாற்பது அடி இடைவெளியில் மணலில் ஊன்றினோம். குளிப்பவர்கள் அந்த இரண்டு கம்புகளுக்கு நேராகத்தான் இருக்க வேண்டும். கடலில் குளிக்கும் ஆள் நகராமல் ஓரிடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்; ஆனால் கரையோர நீரோட்டம் அவரைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போகும். கம்பு இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு முழங்கால், பெரியவர்களுக்கு இடுப்பு என்று ஆழத்துக்கும் அளவு வைத்தோம்.

காவலாள் வேலையை முறை போட்டுப் பிரித்துக்கொண்டோம். அரை மணி நேரத்துக்கு ஒருவர். அவர் தண்ணீரில் இறங்கக்கூடாது, உட்காரக்கூடாது, கைபேசியைப் பையில் போட்டுவிட வேண்டும், கழுத்தில் விசில் தொங்க வேண்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலைகளை எண்ண வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பத்துப் பேர் நினைக்கும் இடத்தில் உண்மையில் ஒருவரும் பார்ப்பதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு. நீரில் மூழ்குபவர் திரைப்படத்தில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்துவார் என்று பலர் நம்புகிறார்கள். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் அவரால் மூச்சை இழுக்கத்தான் முடியும், கத்த முடியாது. சத்தம் வரவில்லையே என்று இருந்துவிடக்கூடாது. சத்தம் நின்றுபோன பிள்ளையைத்தான் முதலில் தேட வேண்டும்.

மிதவைக்கு நாங்கள் வைத்திருந்தது, வீட்டுக்குத் தண்ணீர் வரும் 20 லிட்டர் கேன்கள் இரண்டு. காலியானவற்றின் வாயை இறுக்கி மூடி, கைப்பிடியில் நீளமான நைலான் கயிற்றைக் கட்டி, கம்பு ஊன்றிய இடத்தில் வைத்திருந்தோம். ஒருவர் தத்தளித்தால் நீச்சல் தெரிந்தவர் என்று இன்னொருவர் பாய்ந்து போகக்கூடாது; தத்தளிப்பவர் கைக்கு எட்டியவரின் கழுத்தைத்தான் பிடிப்பார், அப்போது இரண்டு பேரும் போய்விடுவார்கள். எறியக்கூடியதை எறிந்து, இழுக்கக்கூடியதை இழுக்க வேண்டும்.

உடை விஷயத்தில்தான் எங்கள் பெண்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சேலையோடும் துப்பட்டாவோடும் கடலில் இறங்குவது நம்மிடையே சாதாரணம். ஆனால் நனைந்த சேலை காலைச் சுற்றினால் முழங்கால் ஆழமே போதும் ஆளைக் கவிழ்க்க. துப்பட்டாவைக் கழற்றிவைக்கத் தயங்கியவர்களுக்காக, தீம் பார்க்குக்கு வாங்கிய நைலான் உடைகளையும் முழுக்கை டீசர்ட்டுகளையும் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். ஆண்களுக்கு வைத்த விதி ஒன்றே ஒன்று: குடித்தவர் தண்ணீரில் இறங்கக்கூடாது. ஒரு நண்பர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

மதுரை நீச்சல் குளத்தில் நீந்திப் பழகிய நண்பர் ஒருவர், கடலில் தன் உடம்பு இன்னும் லேசாக மிதப்பதைக் கண்டு வியந்துபோனார். அது உண்மைதான். ஒரு லிட்டர் நன்னீரின் எடை சுமார் 1,000 கிராம் என்றால், கடல்நீர் சுமார் 1,025 கிராம் இருக்கும். கனமான தண்ணீர் உடம்பை அதிகமாகத் தாங்கும். ஆனால் அந்தத் தாங்கல் கொடுக்கும் தைரியம் ஆபத்தானது. குளத்தில் கையை நீட்டினால் சுவர் இருக்கிறது, இங்கே சுவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்று அவருடைய மனைவி சொன்னதற்கு எல்லாரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நடந்ததை எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன் என்று சொல்லலாம். பிள்ளைகள் விளையாடிய காற்றடைத்த பெரிய பந்து தண்ணீரில் விழுந்தது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம் என்ற தூரத்தில்தான் விழுந்தது. அதே நண்பர் அதை எடுக்கப் போனார். அவர் ஓரடி போக, பந்து இரண்டடி போயிற்று. அலையே இல்லாத, கண்ணாடி போன்ற தண்ணீர். அதனால் யாருக்கும் பயம் வரவில்லை. இடுப்பு ஆழத்தைத் தாண்டி அவர் நீந்தத் தொடங்கியபோது, காவல் முறையில் இருந்த தோழி விசிலை ஊதி, ஊதிக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பிப் பார்த்து, கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண்டு, முகம் மாறி, திரும்பி வந்தார். வரும்போது எதிர்க்காற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. பந்து வடகிழக்கே ஒரு புள்ளியாகிப் போய்விட்டது.

காரணம் எளிது. ஆடியில் அரியமானில் கடல் அமைதியாக இருப்பதே, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான். அலையை எழுப்பாத அதே காற்று, மிதக்கும் பொருள் எதுவானாலும் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். ரப்பர் ட்யூப், காற்று மெத்தை, வாத்துப் பொம்மை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவற்றின்மேல் பிள்ளை உட்கார்ந்திருந்தால் பிள்ளையையும் சேர்த்துத் தள்ளும். அலைக்குளத்தில் ட்யூப் பாதுகாப்பான பொருள், இந்தக் காற்றில் இந்தக் கரையில் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பொருள். கடலுக்குள் இறங்குமுன் ஒரு பிடி உலர்ந்த மணலை அள்ளித் தூவிப் பார்த்தால் போதும்: மணல் கடல் பக்கம் பறந்தால் மிதவைப் பொம்மைகள் எல்லாம் வேனிலேயே இருக்கட்டும். போன பந்து போனதுதான் என்று பிள்ளைகளிடமும், அவர்களைவிட முக்கியமாக அப்பாக்களிடமும், கிளம்பும்போதே சொல்லிவைக்க வேண்டும்.

ஆழமில்லாத மணல் தரையில் திருக்கை புதைந்து கிடப்பதுண்டு. காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் உரசி இழுத்தபடி நடந்தால் அது அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும். சொறி எனப்படும் ஜெல்லி மீன் உடம்பில் பட்டுவிட்டால் தேய்க்கவோ நன்னீர் ஊற்றவோ கூடாது. கடல்நீரால் கழுவிவிட்டு, மூச்சுத்திணறலோ மயக்கமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554 ஆகிய எண்களை எல்லாருடைய கைபேசியிலும் பதிந்துகொண்டோம். அரிச்சல்முனைக்கும் போய்வரலாமே என்று சாயங்காலம் ஒரு குரல் எழுந்தது. இரண்டு கடலும் மோதும் அந்த முனையில் இழுப்பு அதிகம், அங்கே குளிக்கவும் கூடாது. பார்த்துவிட்டு வருவதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டிய இடம் அது.

கடற்கரைப் பயணத்தில் பெண்களுக்கு உண்மையான தொல்லை கழிப்பறைதான். உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் இருக்கும், அவற்றில் தண்ணீரும் வரும் என்று நம்பிக் கிளம்பக்கூடாது. ராமநாதபுரத்தில் ஒரு தோழி வீட்டில் நிறுத்தி இறங்கிவிட்டு வந்தோம். உடை மாற்ற நான்கு கம்புகளும் இரண்டு பழைய போர்வைகளும் கொண்டுபோனோம். கடலோர ஊர்களில் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும் என்பதால், குடிக்க மட்டுமன்றி உடம்பைக் கழுவவும் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். சில இடங்களில் சிக்னல் இழுக்காது. பணத்தைக் கைபேசியிலேயே வைத்திருந்தவர்கள் இளநீர்க்காரரிடம் கடன் சொல்ல வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் சிப்பி பொறுக்குவதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நண்பர் தம் மீன் தொட்டிக்காகப் பவளத் துண்டு ஒன்று வாங்கித் தரும்படி கேட்டார். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகிய மூன்றும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டே சேர்க்கப்பட்டவை. செத்துக் கரை ஒதுங்கிய பவளத்தைக்கூடப் பையில் வைத்திருந்தால் வழக்கு வரும். யாராவது விற்க வந்தாலும் வாங்கக்கூடாது.

வெயிலில் கிடந்துவிட்டு ஓட்டுவது களைப்பு என்பதால், திரும்பும் ஓட்டத்துக்குத் தண்ணீரில் இறங்காத ஒருவரையே ஓட்டுநராக வைத்திருந்தோம். இருட்டுவதற்குள் உச்சிப்புளிக்கு வந்து தேநீர் குடிக்கும்போதே, கண்ணாடிப் படகுப் பேச்சை மறுபடி எடுத்துவிட்டார்கள். வாடை ஓய்ந்து கச்சான் கிளம்புவதற்கு முன், மாசி, பங்குனி மாதங்களில் தெற்குக் கடல் அமைதியாகி, தண்ணீரும் தெளிந்திருக்கும். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன; அவற்றில் இறங்கிப் பார்க்கும் வாய்ப்பு வனத்துறை அனுமதிக்கும் இடங்களில் மட்டும்தான். அப்போது பள்ளித் தேர்வுகள் நெருங்கிவிடும் என்று அம்மாக்கள் சொன்னார்கள். மாசி முதல் வாரத்து ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. அதற்குள் ஆறு வயதுக்காரிக்கு அளவான மிதவை அங்கி ஒன்றை விலைக்கே வாங்கிவிடுவதாகத் திருச்சித் தோழி சொல்லியிருக்கிறாள்.